முட்டை அட்டையில் ஒரு குகை

போன வாரம் நம் சொந்தக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் அண்ணன் மகன் ஒரு கேள்வி போட்டான். நீங்களும் பார்த்திருப்பீர்கள். டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி ஒன்று அவனுக்கு வந்திருக்கிறது. அதில் ஆடுவதற்கு நல்ல சாகச விளையாட்டு எது, பெரியவர்கள் யாராவது சொல்லுங்கள் என்று கேட்டிருந்தான். நீங்கள் போட்ட பதில்களையும் பார்த்தேன். ஒருத்தர் ரோஜாப்பூவோடு காலை வணக்கம். ஒருத்தர் வெயிலில் ஓடி விளையாடு தம்பி என்று அறிவுரை. இன்னொருத்தர், யாரென்று சொல்லவில்லை, பல்லாங்குழி என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் பல்லாங்குழி ஆடி நான் பார்த்ததே கிடையாது. இந்த வயசுக்கு வந்துவிட்டால் நாம் எல்லோருமே சின்ன வயசில் உத்தமர்களாக இருந்துவிடுகிறோம்.

நான் ஒன்றும் எழுதவில்லை. ஆபீஸிலிருந்து வந்து முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஃபேர்லேண்ட்ஸிலிருந்து சூரமங்கலத்துக்கு ஒரு டவுன் பஸ், அங்கே கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து நாள் முழுக்க ஒரே கேள்விக்கு ஒரே பதில், மறுபடி ஒரு டவுன் பஸ். இப்படியே காலம் ஓடிவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவே அலுப்பாக இருக்கும்போது சாகசத்தைப் பற்றி என்னத்தை எழுதுவது?

ஆனால் பதில் என்னிடம் இருந்தது. ஒரே ஒரு விளையாட்டு. அதன் பெயர் எனக்குத் தெரியாது. அதைப் பற்றிச் சொன்னால் நான் வயசுக்கு வந்தபோது நடந்த சீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தச் சீருக்கு நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். வடை நன்றாக இருந்தது என்று இன்னமும் சொல்கிறீர்கள். கூடவே இன்னொன்றும் சொல்கிறீர்கள்: தன் தம்பியிடம் சீரைப் பெரிதாக வாங்குவதற்காக அம்மா நாளை இழுத்தடித்தாள் என்று. அதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பண்ணை உங்களுக்கு நினைவிருக்கும். நாமக்கல் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். கோழி எச்சம், தீவனத்தில் கலக்கிற கருவாட்டுத் தூள், வெயிலில் காய்கிற சாக்கு. வீட்டுக்குப் பின்னால் பழைய முட்டை ரூம் என்று ஒரு நீள அறை இருந்தது. புது முட்டை ரூம் கட்டிய பிறகு அதில் காலி அட்டைகளை மட்டும் அடுக்கி வைத்திருந்தார்கள். குழி குழியாக இருக்குமே, முட்டை அடுக்குகிற சாம்பல் நிறக் காகித அட்டை, அதுதான். தரையிலிருந்து கூரை வரைக்கும் அட்டை.

ஒன்பதாவது முழுப்பரீட்சை எழுதிய கையோடு நான் வயசுக்கு வந்தேன். வீட்டுக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அத்தை சொன்னதால் என்னை அந்த அறையில் உட்கார வைத்தார்கள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா, எங்களோடேயே இருந்தவள். வாசப்படியில் உலக்கையைக் குறுக்கே போட்டதும் அவள்தான். எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், ஒரு கோரைப்பாய். ஆம்பளைப் பையன் பார்க்கக் கூடாதென்று அண்ணனைச் சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா மட்டும் உள்ளே வரலாம். வந்து போனால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும்.

அப்பா கெட்டவர் இல்லை. தனியாக இருந்தால் புள்ளை பயந்துக்கும் என்று பண்ணை ஆளை விட்டு ஒயர் இழுத்து ஒரு டேபிள் ஃபேனும், பழைய கருப்பு வெள்ளை டிவியும் வைக்கச் சொன்னார். வெளியே நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "படம் தெரியுதா கண்ணு?" என்று கேட்டார். தெரிந்தது என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலமே கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்து வழியாக அத்தையின் குரல் வந்தது.

"இனி பஸ்ஸேறி டவுனுக்குப் போயி என்னத்தப் படிக்கோணும்? சீரு அன்னைக்கு சபையில வச்சுச் சொல்லிப்போடு, பள்ளிக்கூடம் போதும்னு. நாலு பேரு முன்னால சொல்லிட்டா பொறவு மாத்த முடியாது."

"செரிக்கா, அப்படியே செஞ்சுக்கலாம்," என்றார் அப்பா.

அவ்வளவுதான். எட்டு வருஷமாக நடந்தும் ஒரு வருஷமாக பஸ்ஸிலும் போன பள்ளிக்கூடம் ஒரு செரிக்காவில் முடிந்துபோனது. நான் அட்டை அடுக்கில் முகத்தைப் புதைத்து அழுதேன். அட்டைக்குப் பழைய மழைவாசனை இருந்தது.

ஆனால் சீர் உடனே நடக்க முடியாது. தாய்மாமன் இல்லாமல் சீர் ஏது? மாமன் அப்போது ரிக் வண்டியோடு வடக்கே எங்கேயோ போர்வெல் போட்டுக்கொண்டிருந்தான். கோடைதான் அவர்களுக்குச் சீசன். எந்த ஊரில் இருக்கிறான் என்பது அவனாக போன் பண்ணினால்தான் தெரியும். போனும் எங்கள் வீட்டில் இல்லை, மெயின் ரோட்டு எஸ்டிடி பூத்துக்குத்தான் வரும். மாமன் வருகிற வரைக்கும் நான் அந்த அறையில் இருக்க வேண்டும். மாமன் வந்தால் வெளியே வரலாம், பள்ளிக்கூடம் போய்விடும். மாமன் வர வேண்டுமா கூடாதா என்று எனக்கே தெரியவில்லை.

போன மழைக்காலத்தில் ஊருக்கு வந்தபோது அந்த மாமன் அண்ணனுக்கு ஒரு டிவி கேம் கொண்டுவந்து தந்திருந்தான். மஞ்சள் கேசட்டைச் செருகி ஆடுகிற பெட்டி. அண்ணன் அதைப் பழைய முட்டை ரூமில்தான் ஒளித்து வைத்திருந்தான். நான் தேடி எடுத்தேன். கேசட்டுகளில் ஒன்று மட்டும்தான் வேலை செய்தது, அதுவும் வாயால் ஊதி ஊதிச் செருகினால். கையில் விளக்கு பிடித்த ஒரு ஆள் ஒரு குகைக்குள் இறங்குகிறான். ஒரு அறையிலிருந்து இன்னொரு அறை. ஏணி, கிணறு, வௌவால், பூட்டிய கதவு. விளக்கில் எண்ணெய் தீர்ந்தால் செத்தான். வௌவால் இடித்தால் செத்தான். செத்தால் மறுபடி முதல் அறை. எழுத்து எல்லாம் நமக்குத் தெரியாத எழுத்து. எதைத் தேடிப் போகிறான் என்பதே எங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.

அம்மா உளுந்தங்களியோடு வந்தாள். வைத்துவிட்டுப் போக வேண்டியவள் நின்று பார்த்தாள்.

"அந்தக் கதவுக்கு அக்கட்ட என்ன இருக்குது?"

"தெரியலம்மா. அதுக்குள்ள செத்துப்போறான்."

"சாவாம என்ன பண்ணுவான்? நீ இறங்குன வழியிலயே இறங்குனா? அந்தச் சந்துல இன்னும் போயே பாக்கலயே."

அம்மா உட்கார்ந்தாள். கேம் பெட்டியின் ரிமோட்டை முட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடித்தாள், அழுத்தாமல், விடாமல். விளக்குக்காரன் முதல் வௌவாலிலேயே செத்தான். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். களி ஆறி ஏடு கட்டிவிட்டது. அன்றைக்கு அவள் போகும்போது, "உங்கத்தை கேட்டா, நான் உனக்குத் தலை பின்னிட்டிருந்தேன்னு சொல்லு," என்றாள்.

மறுநாள் வரும்போது மடியில் கொஞ்சம் மக்காச்சோளமும், கோழிக்குப் போடுகிற கிளிஞ்சலும், நாலு வரமிளகாயும் கட்டிக்கொண்டு வந்தாள். அடுக்கிலிருந்து ஒரு அட்டையை உருவினாள். நடுக்குழியில் ஒரு சோளத்தைப் போட்டாள்.

"இது மொத அறை. வலது பக்கம் போனா இந்தக் குழி. செத்தானா, கிளிஞ்சல் போடு. சாவி இருந்தா மொளகா."

அது இப்படித்தான் ஆரம்பித்தது. ஒவ்வொரு குழியும் ஒரு அறை. அட்டை தீர்ந்தால் இன்னொரு அட்டையைப் பக்கத்தில் வைத்தோம். கொஞ்ச நாளில் பாய்க்குப் பக்கத்தில் தரை முழுக்கக் குகையாகிவிட்டது. நான் களி சாப்பிட வேண்டுமானால் குகையைத் தாண்டிப் போக வேண்டும். கரண்ட் போனால் விளக்குக்காரன் முதல் அறைக்கே போய்விடுவான். மும்முனை கரண்ட் வந்து கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஓட ஆரம்பித்தால் படம் நாலு பக்கமும் சுருங்கி, அவன் தீப்பெட்டி அளவுக்கு ஆகிவிடுவான். எது போனாலும் அட்டையில் போட்டது போகாது. அட்டையைப் பார்த்துப் பார்த்து, போன இடத்துக்கு மறுபடி வேகமாகப் போய்விடுவாள் அம்மா.

ஒரு தொல்லை மட்டும் இருந்தது. சாவிகள் வேறு வேறு நிறம் போல. கருப்பு வெள்ளையில் எல்லாமே சாம்பல். எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்று தெரியாமல் ஒவ்வொன்றாகச் சுமந்துகொண்டு போய்ப் பார்ப்போம். ஒரு சாவி சரியாக இருந்துவிட்டால் அம்மா என் தொடையில் ஒரு அடி போடுவாள். ஒருநாள் கதவு திறந்து ஒரு பெரிய தண்ணீர் வந்தது, திரை முழுக்கத் தண்ணீர். அம்மா வாயைத் திறந்துகொண்டு பார்த்தாள்.

"பனமரத்துப்பட்டி ஏரியாட்டவே இருக்குது சாமி."

அவள் பிறந்த ஊர் அது. அங்கிருந்து கல்யாணமாகி இங்கே வந்தாள். அந்த ஏரிதான் அவள் பார்த்த பெரிய தண்ணீர். அதைக்கூட ஏதாவது சாவுக்கோ காதுகுத்துக்கோ போனால்தான் பார்ப்பாள்.

இப்போது யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது. தீட்டு என்று எல்லோரும் ஒதுங்கிப் போனதால்தான் அந்த அறைக்குள் யாரும் வரவில்லை. வேலைக்காரர்கள் வரவில்லை, அப்பா வரவில்லை, அத்தை உலக்கைக்கு அந்தப் பக்கமே நின்றாள். எங்கள் பண்ணையில் அம்மா உட்கார்ந்து நான் பார்த்த ஒரே இடம் அதுதான். ஒரு நாளைக்கு மூன்று தடவை தலைக்கு ஊற்றிக்கொண்டாள். ஈரத்தலையோடேயே அடுப்படிக்குப் போவாள். பாவம், புள்ளைக்காக எத்தனை பாடுபடறா என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் சொன்னார்கள்.

நான் தினமும் ஒரு கேள்வி கேட்டேன். "அம்மா, ஜூன்ல நான் பள்ளிக்கூடம் போவனா?"

அம்மா திரையைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். "மொதல்ல இந்தக் கிணத்தத் தாண்டு," என்பாள். இல்லாவிட்டால், "எண்ண தீரப்போவுது, ஏணியில ஏறு."

ஒருநாள் அத்தை வாசலுக்கு வந்து நின்றாள். அம்மா சடாரென்று ரிமோட்டை முந்தானையில் மூடினாள். அம்மா அத்தையை நங்கை என்றுதான் கூப்பிடுவாள், நாத்தனாரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

"ஏம்புள்ள, உன்ற தம்பி எப்பத்தான் வாரானாம்? ஊரே கேக்குது. வயசுக்கு வந்த புள்ளைய எத்தன நாளைக்கு இப்புடியே வச்சிருப்ப?"

"போன் வரலீங்க நங்கை."

"சீரப் பெருசா செய்யோணும்னு இழுக்கறயாக்கும். பள்ளிக்கூடத்த நிறுத்தறதச் சபையில சொல்லோணும்னு உம் புருசங்கிட்டச் சொல்லியிருக்கறன். நீ குறுக்க பேசாத."

"செரிங்க நங்கை," என்றாள் அம்மா.

அத்தை போனதும் நான் கத்தினேன். நீயும் அவர்களோடு சேர்ந்துகொண்டாய், உனக்கு இந்தச் செத்த விளையாட்டுதான் பெரிது, நான் என்ன ஆனாலும் உனக்கு ஒன்றுமில்லை. இன்னும் என்னென்னவோ சொன்னேன். அம்மா முந்தானையை விலக்கி ரிமோட்டை எடுத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். விளக்குக்காரன் செத்திருந்தான்.

"அந்த எடது கைப்பக்கத்து அறைக்கு நேத்துப் போனோமா?" என்று கேட்டாள்.

அன்றைக்கு அவளை எனக்குப் பிடிக்கவே இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பின்னால் அவள் அழுத்துகிற பட்டன் சத்தம் மட்டும் டக்டக்கென்று கேட்டுக்கொண்டே இருந்தது.

அதற்கப்புறம் பூத்துக்காரப் பையன் சைக்கிளில் வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அக்கோவ், தம்பி லைன்ல இருக்காருங்க," என்று இரண்டு மூன்று தடவை கூப்பிட்டான். அம்மா ஓடுவாள். திரும்பி வந்ததும் அப்பா கேட்பார், என்ன சொன்னான் என்று. "லைன் கட்டாயிருச்சுங்க." அடுத்த தடவையும் லைன் கட். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, பூத்துக்காரனைத் திட்டுவார். அத்தை என் அறை வரைக்கும் கேட்கும்படி, "எனக்குத் தெரியும் இந்த லைனு," என்பாள். நானும் அத்தை சொன்னதைத்தான் நம்பினேன். அம்மா இழுக்கிறாள். சீருக்காக இல்லாவிட்டால் குகைக்காக.

மே மாசக் கடைசியில் நாங்கள் கடைசிக் கதவுக்கு வந்துவிட்டோம். கடைசி என்று யாரும் சொல்லவில்லை, பார்த்தாலே தெரிந்தது. மற்றக் கதவுகளைவிடப் பெரிது. இரண்டு பக்கமும் யானை மாதிரி ஏதோ நின்றது. கைவசம் இருந்த சாவி எதற்கும் அது திறக்கவில்லை. அட்டையைப் பார்த்தோம். போகாத குழி இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. அதில் எங்கேயோதான் அந்தச் சாவி இருக்க வேண்டும். அம்மா காலிக் குழிகளில் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"நாளைக்குப் பாத்துருலாம்," என்றாள்.

நாளைக்கு மாமன் வந்துவிட்டான்.

சீர் நடந்தது உங்களுக்கே தெரியும். பந்தல், ரேடியோ செட், வெயில், வடை. நீங்கள் எல்லாம் முன்வரிசையில் பாயில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தீர்கள். மாமன் வகையறா பனமரத்துப்பட்டியிலிருந்து வேன் பிடித்து வந்து தட்டுத் தட்டாக இறக்கினார்கள். தேங்காய், பழம், வளையல், பூ, ஒரு பட்டுப்பாவாடை. கடைசித் தட்டை மாமனே சுமந்து வந்தான். ரிக் மண் இன்னும் நகக்கண்ணில் இருந்தது. தட்டில் மடித்து வைத்திருந்தது நீலப் பாவாடைத் துணியும் வெள்ளைத் தாவணியும். மேலே ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ். டவுன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பத்தாவதுக்குப் போடுகிற யூனிஃபார்ம்.

அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"என்ன அநியாயம் இது! சீர்த்தட்டுல வெள்ளத் துணியா? மங்களமா ஒரு காரியம் நடக்கற எடத்துல?"

அத்தை சொன்னதில் நியாயம் இருப்பதாக நாலைந்து பெரியவர்கள் தலையாட்டினார்கள். அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏதோ சொல்ல எழுந்தார். பள்ளிக்கூடம் போதும் என்று சொல்லத்தான் எழுந்தார் என்று எனக்குத் தெரியும்.

அதற்குள் அம்மா எழுந்து வந்தாள். எனக்குப் பூசுவதற்காகக் கரைத்து வைத்திருந்த மஞ்சள் கிண்ணம் பக்கத்தில் இருந்தது. அதில் விரலை முக்கி எடுத்தாள். வெள்ளைத் தாவணியின் ஒரு முனையில் வைத்தாள். அடுத்த முனை. அடுத்தது. நாலாவது முனையை மடிப்புக்குள்ளிருந்து உருவி அதிலும் வைத்தாள். எந்தப் புதுத்துணிக்கும் வைப்பதுதான், நாம் எல்லோரும் வைப்பதுதான். மஞ்சள் வைத்துவிட்டால் அது சீர்த்துணி. அப்புறம் அதைச் சாவுக்குப் போடுகிற கோடித்துணி என்றோ வெள்ளை என்றோ யாரும் சொல்ல முடியாது. யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் மறுபடி போய் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மாமன் தட்டைக் கீழே வைக்கவில்லை. "மச்சான், என்ற அக்கா புள்ளைக்கு நான் கொண்டாந்த சீரு இது. புடிக்கலீன்னா சொல்லுங்க, எல்லாத் தட்டையும் வேன்ல ஏத்திக்கிட்டுப் போயர்றோம்."

பிறந்த வீட்டுச் சீரைத் திருப்பி அனுப்புவது என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு குடும்பமும் அதோடு சரி. நல்லது கெட்டது எதற்கும் வாசல் மிதிக்க முடியாது. அவ்வளவு பேரும் அப்பாவையே பார்த்தோம். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"தட்ட உள்ள எடுத்து வையி," என்றார் அண்ணனைப் பார்த்து.

தாய்மாமன் சீராகக் கொண்டுவந்த துணியைக் கட்டித்தான் ஆக வேண்டும். நான் அதைக் கட்டிக்கொண்டு அடுத்த வாரமே பஸ் ஏறினேன். மஞ்சள் கறை எத்தனை துவைத்தும் போகவில்லை. கிளாஸில் பிள்ளைகள் கேலி பண்ணினார்கள். பண்ணட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்று உங்களுக்குத் தெரியாது. சீர் முடிந்து பந்தியில் நீங்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தபோது அம்மா பழைய முட்டை ரூமுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அறை காலியாக இருந்தது. தரை கழுவி ஈரமாக இருந்தது. தீட்டு கழிந்துவிட்டதல்லவா, இடத்தைச் சுத்தம் பண்ணச் சொல்லியிருந்தார்கள். பண்ணை ஆள் வாசலில் நின்றான்.

"இங்க தரையில இருந்த அட்டையெல்லாம் எங்கப்பா?" என்று கேட்டாள் அம்மா.

"கேரளா லோடுக்கு அட்டை பத்தலீங்கம்மா. அதுல என்னமோ மொளகாயும் சோளமுமா கெடந்துச்சு, கொட்டிப்போட்டு முட்டைய அடுக்கிட்டனுங்க. லாரி அப்பவே கெளம்பிருச்சு."

எங்கள் குகை கேரளாவுக்குப் போய்விட்டது. அம்மா அந்த ஈரத்தரையில் உட்கார்ந்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். தேம்பித் தேம்பி அழுதாள். பந்தியிலிருந்து கை கழுவ வந்த பெரியம்மா அதைப் பார்த்துவிட்டுப் போய், மகள் பெரியவளாகிவிட்டாளே என்று தாய் மனசு தாங்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னாள். அதையும் நீங்கள் நம்பினீர்கள்.

குகை மறுபடி தொடங்கவில்லை. உலக்கையை எடுத்த பிறகு அம்மாவுக்கு உட்காரவும் நேரமில்லை, இடமும் இல்லை. அண்ணன் அந்தக் கேசட்டைச் சூரமங்கலத்துக்குக் கொண்டுபோய், அங்கே ஒரு பையனிடம் கொடுத்து மாற்றி, சண்டை போடுகிற கேசட் ஒன்றை வாங்கி வந்தான். அம்மா அதைக் கேட்டுக்கொண்டே தீவனம் கலக்கப் போய்விட்டாள். எனக்குத்தான் ஆத்திரமாக வந்தது.

ரொம்ப வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் மாமன் சொல்லித்தான் மிச்சம் தெரிந்தது. லைன் ஒரு தடவையும் கட்டாகவில்லை. "இப்ப வராத, யூனிஃபார்ம் துணி மே கடைசியிலதான் டவுன் கடைக்கு வரும், வாங்கிட்டுப் பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குக் கொஞ்சம் முன்னால வா. சீரு செஞ்ச சூட்டோட பஸ் ஏத்திரோணும், ஆற விட்டா உன்ற மச்சான் மனசு மாறிருவாரு." ஒவ்வொரு போனிலும் அம்மா இதைத்தான் சொன்னாளாம். சொல்லிவிட்டு வந்து, ஈரத்தலையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து கிணற்றைத் தாண்டச் சொல்லியிருக்கிறாள்.

அவள் வாங்கித் தந்த படிப்பில் நான் ஒன்றும் கலெக்டர் ஆகிவிடவில்லை. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டேன். சில நாள் பஸ்ஸில் நின்றுகொண்டே வரும்போது இதற்கா அத்தனையும் என்று தோன்றும். பிறகு யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள், உட்காருவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் மகன் புதுப் பெட்டியில் ஏதோ ஒரு பெரிய விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தான். மலை, மழை, குதிரை, எல்லாம் நிஜம் போலவே இருக்கிறது. அம்மா அவன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் போட்ட கண்ணாடி முகத்தில்.

"கரண்ட் போனா மறுக்கா மொதல்ல இருந்தா சாமி?"

"இல்லீங்க ஆத்தா, விட்ட எடத்தை அதுவே ஞாபகம் வச்சுக்கும்."

"பரவால்லயே," என்றாள் அம்மா.

எங்கள் பழைய குகையைத் தேடிப் பார் என்று அவனிடம் சொன்னேன். விளக்கு, வௌவால், யானைக் கதவு எல்லாம் சொன்னேன். போனில் ரொம்ப நேரம் தேடினான். அந்தக் காலத்துக் கள்ளக் கேசட் ஆயிரம் இருக்குமாம், பெயர் இல்லாமல் கண்டுபிடிக்க முடியாதாம். சரி, விடு என்றேன்.

அவன் தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது அம்மாவிடம் கேட்டேன். இத்தனை வருஷத்தில் அதுவரை கேட்டதில்லை.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமல்லம்மா? எத்தனை திட்டு திட்டினேன் உன்னை."

"சொல்லியிருந்தா நீ சிரிச்சிருப்ப சாமி. உன்ற மொகத்துல சிரிப்பப் பாத்தா உங்கத்தைக்குத் தெரிஞ்சிருக்கும்."

திரையில் மழை பெய்துகொண்டிருந்தது. குதிரைக்காரன் நின்ற இடத்திலேயே நனைந்துகொண்டிருந்தான். அம்மா அவனைப் பார்த்தபடியே பேசினாள்.

"எனக்கும் எங்க மாமன் சீரு கொண்டாந்தாரு. பட்டு, வெள்ளிக் கொலுசு. எல்லார்த்துக்கும் ரொம்பப் புடிச்சுப்போச்சு. ஏழாவது முடிச்சிருந்தேன்."

நான் அவள் கையைப் பிடித்தேன். அம்மா கையை உருவிக்கொண்டு, தண்ணீர்ச் சொம்போடு திரும்பி வந்த பையனைப் பார்த்துத் திரையின் ஓரத்தைக் காட்டினாள்.

"அந்தப் பக்கம் ஒரு சந்து இருக்குது பாரு சாமி. அங்க நீ இன்னும் போயே பாக்கல."